அடிக்காமல் விட்ட பெயர்

கலினூவ்
11 செப்டம்பர் 1991

வித்தெக்,

உன் அட்டை கிடைத்தது. மேலவைக் கட்டடத்தின் படம் போட்ட அட்டையில் சொந்த அக்காவுக்கு எழுதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். பின்பக்கம் நாலு வரி, அதில் மூன்று தேர்தலைப் பற்றி. "போன தடவை மாதிரி கரும்பலகையோடு சந்தையில் நின்றால் போதும் அக்கா, மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்" என்கிறாய்.

போன தடவை நான் நின்றதற்குக் காரணம் இருந்தது. நாற்பது வருடம் நம் ஜனங்கள் சீட்டை வாங்கி, மடித்து, அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். பேனாவை எடுத்தாலே யாராவது பார்ப்பார்கள் என்ற பயம். எண்பத்தொன்பதில் முதல் தடவையாகச் சீட்டில் நம் ஆள் பெயரும் இருந்தது. வேண்டாத பெயரையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, வேண்டியவரை மட்டும் தொடாமல் விட வேண்டும் என்பது விதி. பூகோளம் நடத்தும் கரும்பலகையைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தை நடுவில் நிறுத்தினேன். பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். "இவரை அடி, இவரையும் அடி, வித்தெக்கைத் தொடாதே." பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். முதலில் அடிபட்டது மாவட்டக் கட்சிச் செயலாளர் ஸெனோனின் பெயர். அவர் தன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதெல்லாம் சரி. அதே வாரம் நீ மில் வாசலில் பெட்டி மேல் ஏறி நின்று, "நான் இருக்கிற வரைக்கும் இந்த மில்லுக்குப் பூட்டு விழாது" என்றாய். கேட்டது யார் என்று உனக்குத் தெரியும். ராணுவச் சட்டம் வந்து உன்னைப் பிடித்துக்கொண்டு போனபோது, சாயப் பிரிவு இன்ஜினியரான உனக்காகத் தறியை நிறுத்திய இரண்டாம் ஷிப்ட் பெண்கள். அவர்களில் லெயோகாத்யாவுக்கு அதற்காக வேலையே போனது. திரும்ப எடுக்கும்வரை உருளைக்கிழங்கு தோண்டிப் பிழைத்தாள்.

இப்போது இரண்டாம் ஷிப்டே இல்லை. ரஷ்யாவுக்கு நெய்த லினன் கிடங்கில் கூரை வரை அடுக்கிக் கிடக்கிறது. சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என்னை நிறுத்துகிறார்கள்.

"டீச்சர், செனட்டர் எப்ப வர்றாரு?"

"வேலை அதிகம் போல."

"எங்களுக்குத்தான் வேலை இல்லையே. நாங்க காத்திருக்கோம்னு சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மில்லை நீ காப்பாற்றுவாய் என்று நான் நம்பவில்லை. எதையும் யாரும் காப்பாற்றுவார்கள் என்று நம்புகிற வயதும் எனக்கு இல்லை. வாசலுக்கு வந்து, நிலைமை இதுதான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். அதன் பிறகு கரும்பலகையை நான் தூக்குகிறேன்.

ஆல்டோனா


வார்சா
17 செப்டம்பர் 1991

அன்புள்ள அக்கா,

நீ கடிதம் எழுதுவதில்லை, விடைத்தாள் திருத்துகிறாய். என்னைத் திருத்தித் திருத்தியே உன் சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

எழுதும்போதே வெளியே கார் நிற்கிறது. கூட்டணிக் கட்சிகளோடு ஒரு கூட்டம். போன வருடம் ஒரே தொழிற்சங்கமாக இருந்தவர்கள் இன்று எத்தனை கட்சி என்று எங்களுக்கே தெரியவில்லை. சிறையில் ஒரே கிண்ணத்தில் சூப் குடித்தவர்கள் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள்.

மில்லைப் பற்றி. ரஷ்யாவிடம் காசில்லை. துணியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதையும் தரமாட்டார்கள். பெல்ஜியத்துக்காரன் நம் தறியைப் பார்த்தால் அருங்காட்சியகத்துக்குக் கேட்பான். இதை நான் வாசலில் வந்து சொல்ல வேண்டுமா? லெயோகாத்யாவின் முகத்தைப் பார்த்தா? தேர்தலுக்கு முன்னால் சொன்னால் என்னைத் தோற்கடிப்பார்கள். எனக்குப் பதில் ஸெனோன் மாதிரி ஒருவன் வந்து இனிப்பாகப் பொய் சொல்வான். தேர்தல் முடியட்டும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். அப்போது பேசுகிறேன். சத்தியம்.

ஆனால் ஒன்று முக்கியம். அடிக்கிற முறையை எடுத்துவிட்டோம். நகரசபைக்கும் ஜனாதிபதிக்கும் போட்ட மாதிரி, இனி மேலவைக்கும் வேண்டியவர் பெயருக்குப் பக்கத்திலுள்ள கட்டத்தில் பெருக்கல் குறி. அவ்வளவுதான். அவையில் இதற்காக நானே பேசினேன். "வேண்டாதவனை அடிப்பது அடிமையின் ஓட்டு, வேண்டியவனைத் தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திர மனிதனின் ஓட்டு" என்றேன். கைதட்டினார்கள். நீ கேட்டிருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பாய்.

ஆகவே பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதுப் பாடத்தை எழுது அக்கா. நீ சொன்னால்தான் அவர்கள் கேட்பார்கள்.

ஹாரன் அடிக்கிறான்.

உன் வித்தெக்


கலினூவ்
2 அக்டோபர் 1991

மாண்புமிகு செனட்டர் அவர்களுக்கு,

தங்கள் சுவரொட்டிக் கட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. என்னிடம் கேட்காமலே லெயோகாத்யா பாதியை எடுத்துக்கொண்டு போய் மில் மதிலில் ஒட்டிவிட்டாள். "போட்டோவுல கொஞ்சம் பூசின மாதிரி இருக்காரு. வார்சா சாப்பாடு ஒத்துக்குது போல" என்றாள். பசை காய்வதற்குள் மழை வந்தது. திரும்பப் போய் ஒட்டினாள்.

நான் கேட்டது வாசலுக்கு ஒரு தடவை வர. நீ அனுப்பியது உன் படம்.

கரும்பலகை பள்ளிக்கூடத்தில் அதன் இடத்தில் இருக்கிறது. இப்போது அதில் நைல் நதி ஓடுகிறது. அழிக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் தோற்கடிப்பார்கள் என்று நீ நினைக்கும் ஜனங்களுக்கு உனக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுக்க எனக்கு வாய் வராது. பெருக்கல் குறி போட அவர்களுக்குத் தெரியும். போன வருடம் இரண்டு தடவை போட்டார்கள். சுதந்திர மனிதர்களாயிற்றே.

இந்தக் கடிதத்தை எழுதி இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்னும் மென்மையாக எழுதலாம் என்றுதான். வரவில்லை.

ஆல்டோனா


வார்சா
30 அக்டோபர் 1991

அக்கா,

வானொலியில் கேட்டிருப்பாய். மாவட்டம் முழுவதும் சேர்த்துக் கொஞ்சம் ஓட்டில் போனது. மற்ற ஊர்களில் நான் எதிர்பார்த்த அளவு விழுந்திருக்கிறது. குறைந்தது கலினூவில். என் ஊரில் எனக்கு விழுந்ததை வைத்து ஒரு கால்பந்து அணி அமைக்கலாம், மாற்று ஆட்டக்காரர்களோடு. கலினூவ் பழையபடி போட்டிருந்தால் நான் இன்று செனட்டர்.

நீ நினைத்ததைச் சாதித்துவிட்டாய் என்று எழுதி அடித்தேன். அது நியாயமில்லை. நீ என்னை எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாய். அவ்வளவுதான்.

சிறை முகாமில் இருந்தபோது குளிரில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பேன். சாயப் பிரிவில் யார் யார், நெசவில் யார் யார், எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் யார். அந்த முகங்கள்தான் என்னை வேண்டாம் என்றிருக்கின்றன. மில்லுக்காகத்தான் என்று தெரிகிறது. அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இதையும் நானே அவையில் பேசியிருக்கிறேன்.

அமைச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எந்த மில்லுக்கு இன்னும் அவகாசம், எதற்கு இல்லை என்று பரிந்துரைக்கும் குழுவில் இடம். ஏற்றுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கல்லறைத் திருநாளுக்கு வரவில்லை. அப்பா அம்மாவுக்கு என் பங்குக்கும் ஒரு விளக்கு ஏற்றிவிடு.

வித்தோல்த்


கலினூவ்
6 நவம்பர் 1991

வித்தெக்,

இதைக் கவனமாகப் படி. கோபத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் படி.

முதல் தேதி மதியம் கல்லறைக்குப் போனேன். ஊரே அங்கேதான். இலையைக் கூட்டி, செவ்வந்திச் சட்டிகளை வைத்து, உன் விளக்கை அம்மா பக்கத்தில் ஏற்றினேன். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. லெயோகாத்யா தன் கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். இந்தத் தேர்தலில் அவள் வாக்குச்சாவடிக் குழுவில் இருந்தாள். விளக்கு பிடித்ததும் சொன்னாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். செல்லாத ஓட்டுன்னா அப்புறம் அதை என்ன பண்ணுவாங்க?"

"மூட்டை கட்டி சீல் வைத்துவிடுவார்கள். ஏன்?"

"அந்த மூட்டைக்குள்ளதான் உங்க தம்பி இருக்காரு."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொட்டி எண்ணினா, கட்டு கட்டா ஒரே மாதிரி சீட்டு. எல்லார் பேரையும் அடிச்சிருக்கு. ஸ்கேல் வச்ச மாதிரி நேர்க்கோடு. ஒரே ஒரு பேரைத் தொடல. வித்தெக் பேரு. கட்டத்துல குறி இல்ல, செல்லாதுங்கறாரு தலைவரு. நான் சண்டை போட்டேன். எல்லாரையும் அடிச்சுட்டு ஒருத்தரை விட்டிருக்காங்க, இதுக்கு மேல எப்படிச் சொல்லணும், பாட்டாப் பாடணுமான்னு கேட்டேன். சட்டம்னா சட்டம்மாங்கறாரு."

"போன வருடம் எல்லோரும் குறிதானே போட்டார்கள்?"

"அது நகரசபை. அது ஜனாதிபதி. அதுக்கெல்லாம் குறிதான், யாருக்குத் தெரியாது? இது வித்தெக் சீட்டாச்சே! வித்தெக்குக்கு அடிக்கணும்னுதானே நீங்க கரும்பலகையில காட்டினீங்க? இந்தத் தடவை நீங்க வரல. மாறியிருந்தா டீச்சர் வந்து சொல்லியிருப்பாங்களேன்னு நினைச்சாங்க." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நானே அப்படித்தான் போட்டேன். காலையில முதல் ஆளாப் போட்டுட்டுத்தான் குழுவில உக்காந்தேன். அதுக்கப்புறம்தான் விதியை வாசிச்சாங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

ஆகவே கேள். கலினூவ் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் வராத நிலையிலும், நீ வாசலுக்கு வராத நிலையிலும், உன்னைத் தவிர மற்ற எல்லோரையும் அடித்திருக்கிறார்கள். நான் சந்தைக்குப் போயிருந்தால் நீ ஜெயித்திருப்பாய்.

இன்னொன்று. மில்லிலிருந்து மூன்று பேர் இந்த மாதக் கடைசியில் உங்கள் குழுவைப் பார்க்க வருகிறார்கள். லெயோகாத்யாவும் வருகிறாள். ஓட்டல்களுக்கு மேசைவிரிப்பு நெய்ய ஒரு டேனிஷ்காரர் பேசிக்கொண்டிருக்கிறாராம். வசந்தம் வரைக்கும் அவகாசம் கிடைத்தால் கையெழுத்தாகலாம், ஆகாமலும் போகலாம். நீ முடியாது என்றுகூடச் சொல். ஆனால் உட்காரவைத்துப் பேசு.

பன்னிரண்டாம் தேதி நாள்காட்டியில் வித்தோல்த் என்ற பெயருக்குரிய நாள், உன் பெயர்நாள். நான் இல்லாமல் யார் உனக்குக் கசகசா கேக் செய்து தருகிறார்களோ. வாழ்த்து.

அக்கா


வார்சா
18 நவம்பர் 1991

அக்கா,

வாழ்த்துக்கு நன்றி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது எழுந்து ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் தடவை மில்லைப் பற்றிய பத்திக்கு வந்தேன். மூன்றாம் தடவை அந்தப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படித்தேன். இந்த இரண்டு வருடத்தில் இப்படித்தான் படிக்கப் பழகியிருக்கிறேன். இங்கே யாரும் ஒரு காரியம் கேட்காமல் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. "ஐயா, எங்கள் ஊர் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது" என்று ஆரம்பித்தால், அடுத்த வரியில் ஒரு சர்க்கரை ஆலையோ ஒரு பாலமோ இருக்கும்.

லெயோகாத்யா உன்னிடம் பொய் சொன்னாள் என்று சொல்லவில்லை. நாலைந்து சீட்டு அப்படி இருந்திருக்கும். அதை அவள் கட்டு கட்டாக்கியிருப்பாள், நீ அதை ஊராக்கிவிட்டாய். என் மனம் ஆறட்டும் என்று செய்தாயோ, மில்லுக்காகச் செய்தாயோ, இரண்டுக்குமோ. போன வருடம் இரண்டு தடவை சரியாகக் குறி போட்டவர்கள் எனக்கு மட்டும் மறந்துபோனார்கள் என்பது நல்ல கதை. நீயே சொல், வேறு யாராவது வந்து சொன்னால் நீ நம்புவாயா? எதையும் நம்பாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதான்.

என்னை நிராகரித்த ஊருக்காக நான் பேசினால் பழிக்குப் பயந்து பேசுகிறான் என்பார்கள். எதிராகப் பேசினால் பழிவாங்குகிறான் என்பார்கள். கலினூவ் பற்றிய பேச்சு வரும்போது அறையிலிருந்து எழுந்து போய்விடுவதாகக் குழுவிடம் சொல்லிவிட்டேன். அதுதான் முறை. அவர்கள் வருவதானால் வரட்டும், வேறு யாராவது பார்ப்பார்கள்.

வித்தோல்த்


கலினூவ்
26 ஜனவரி 1992

வித்தோல்த்,

வெள்ளிக்கிழமை மில்லை மூடினார்கள். உனக்குத் தாளில் வந்திருக்கும். தாளில் வராததை எழுதுகிறேன்.

நவம்பரில் அந்த மூவரும் உங்கள் அமைச்சகத்துக்கு வந்தார்கள். காகிதத்தில் சுற்றிய மேசைவிரிப்பு ஒன்றை உனக்கென்று கொண்டுவந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்களாம். உன் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்ததாம். திரும்பி வந்து லெயோகாத்யா என் சமையலறையில் சொன்னது:

"அவரு கோட்டு கொக்கியில தொங்குது டீச்சர். தொப்பியும் இருக்கு. அங்க டைப் அடிக்கற பொண்ணு என்னடான்னா, ஐயா வெளியூர் போயிருக்காருங்குது. இந்தக் குளிர்ல கோட்டை விட்டுட்டா வெளியூர் போனாருன்னு கேட்டேன். அது பாவம், செவந்து போச்சு. சின்னப் பொண்ணு. சரி விடும்மான்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

உங்கள் குழுவில் கலினூவுக்காகப் பேச ஒருவரும் இல்லையாம். ஊரைத் தெரிந்தவர் எழுந்து வெளியே போய்விட்டதாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறதாம். தெரிந்தவனே எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? டேனிஷ்காரர் மார்ச் மாதம் வருவதாக இருந்தது. வந்திருப்பாரா என்று எனக்கும் தெரியாது. இப்போது யாருக்குமே தெரிய வழியில்லை.

மூடிய அன்று பனி. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். அப்போது ஸெனோன் வந்தார். பழைய கட்சிச் செயலாளர் ஸெனோன்தான். குட்டி ஃபியட்டைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். யாரோ, "இவரு எதுக்கு வந்திருக்காரு, பூட்டை எண்ணவா?" என்றார்கள். அவர் பேசவில்லை. கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றார். ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். எனக்கு அவரைப் பிடிக்காது, உனக்குத் தெரியும். உன்னை உள்ளே தள்ளியவர்களில் அவரும் ஒருவர். அவர் கணக்குப் போட்டுத்தான் வந்திருப்பார் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் வந்தார்.

நான் எழுதியதைக் கீழேயிருந்து மேலே படித்தாயே, அதை நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். அதனால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும்.

மேசைவிரிப்பு என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

ஆல்டோனா


வார்சா
22 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்கா,

ஒன்றரை வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. ஆட்சி மாறியது, குழுவைக் கலைத்தார்கள், இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறேன். கோட்டைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடித் தலைவராக இருந்தேன். வேறு யாரும் முன்வரவில்லை. காலையில் திருப்பலி முடிந்த நேரம், ஒரு வயதான அம்மாள் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நல்ல தொப்பி, உடைந்த கைப்பிடியைக் கயிறு சுற்றிக் கட்டிய கைப்பை. சீட்டை மடிக்காமல் நேரே என் மேசைக்குக் கொண்டுவந்து விரித்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க, சரியா இருக்கா?"

"காட்டக் கூடாதும்மா. ரகசிய ஓட்டு."

"என்ன ரகசியம்? எனக்கு யாருகிட்டயும் பயமில்ல. பயப்பட்ட காலமெல்லாம் போச்சு."

அதற்குள் பார்த்துவிட்டேன். மேலவைச் சீட்டு. எல்லாப் பெயர் மேலும் கோடு. நேரான, பொறுமையான கோடு. ஒரு பெயரை மட்டும் தொடவில்லை. கட்டங்கள் எல்லாம் காலி.

"இவங்க யாரும் வேண்டாம். இவரு மட்டும் நல்லவரு. ஒருதடவை படிக்கட்டுல என் பையைத் தூக்கிட்டு வந்தாரு" என்றார்.

கெட்டுப்போன சீட்டுக்கு வேறு சீட்டு தரக் கூடாது. குறி எங்கே போடுவது என்று நான் சொன்னால் ஓட்டுக் கேட்டதாகும். அந்த விதிகளுக்கு ஆதரவாகக் கை தூக்கியவன் நான். பக்கத்தில் இருந்த மாணவன் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போடுங்கம்மா" என்றேன்.

மடித்துப் பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். வார்சாவில், நாலு வருடம் கழித்து, ஒரு கரும்பலகையையும் பார்க்காத ஒரு மனுஷி. எண்ணும்போது அந்தச் சீட்டு வந்தது. செல்லாது என்று நானே சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

நீ எழுதியதை நான் இப்போது நம்புகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் நம்புவதால் யாருக்கு என்ன? மில் மூடியது மூடியதுதான். நம் மாவட்டத்தில் ஸெனோன் மேலவைக்குப் போகிறார் என்று செய்தித்தாளில் பார்த்தேன். என் பழைய நாற்காலி இன்னும் ஆடுகிறதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் கலினூவுக்கு வர விரும்புகிறேன். வாசலில் நின்று அவர்களிடம் பேச வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. லெயோகாத்யாவிடம் கேட்டுச் சொல். எந்த ரயிலில் வரட்டும்?

வித்தெக்


கலினூவ்
3 அக்டோபர் 1993

வித்தெக்,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பிலிருந்ததை இறக்கிவைத்துவிட்டு லெயோகாத்யா வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது பெரிய ஊர்ச் சந்தையில் மடக்குக் கட்டில் ஒன்றை விரித்து, துருக்கியிலிருந்து வரும் காலுறையும் உள்பாவாடையும் விற்கிறாள். வீட்டுத் தரை முழுவதும் காலுறை. ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து சேர்த்தேன். அந்த வயதான அம்மாளைப் பற்றி வாசித்துக் காட்டினேன்.

"தொப்பி போட்டுக்கிட்டு வந்துச்சாமா?" என்றாள். அடுத்த காலுறையை எடுத்துக்கொண்டே, "அப்ப இப்ப நம்பறாராமா?"

"நம்புகிறான்."

"நல்லது." இரண்டு ஜோடி சேர்த்தாள். "அப்ப நம்பியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? டேனிஷ்காரன் வந்திருப்பானா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதுதான் டீச்சர் என்னமோ மாதிரி இருக்கு. மூடினதுகூடப் பரவாயில்ல. மூடித்தான் ஆகணுமான்னு தெரியாமலே மூடினதுதான்."

நீ வர நினைப்பதைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாளோ என்று பயந்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதற்கு நான் தயாராக இல்லை.

"வரட்டும். இது அவரு ஊருதானே. சூப் குடிச்சிட்டுப் போகட்டும். பேசணும்னு மட்டும் சொல்ல வேண்டாம். பேச்சுக் கேக்கற பழக்கம் எங்களுக்கு விட்டுப் போச்சு. முன்னெல்லாம் யாராவது பெட்டி மேல ஏறினா ஓடி வந்து நிப்போம். இப்ப ஏறினா, என்ன விக்கறாருன்னு பாப்போம்."

ஸெனோனுக்குப் போட்டாளா என்று கேட்டேன். "போட்டேன். பிடிச்சுப் போடல. வந்து நின்னாரே, அதுக்குப் போட்டேன்" என்றாள். நான் யாருக்குப் போட்டேன் என்று நீ கேட்காதே, எனக்கே சொல்லிக்கொள்ள விருப்பமில்லை.

வாசலில் நின்று பேச வேண்டும் என்கிறாய். இரும்புக் கதவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே வாசல் என்று ஒன்றும் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போகலாம். நெசவுக் கூடத்துக்குள் பிர்ச் கன்றுகள் முளைத்திருக்கின்றன.

எந்த ரயில் என்று கேட்டாய். மில்லோடு ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பெரிய ஊரில் இறங்கிப் பஸ் பிடி. ஞாயிற்றுக்கிழமை வராதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில், பிறகு எல்லோரும் சந்தைக்குப் போய்விடுவார்கள், வீடு வீடாகப் பூட்டியிருக்கும்.

வேலைநாளில் வா. வேலைநாளில்தான் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள்.

அக்கா